தேகானா டங்ஸ்டன்: கேட்டவர்களுக்குப் பதில்

ராஜஸ்தானின் நாகௌர் மாவட்டத்து தேகானா டங்ஸ்டன் சுரங்கத்தைப் பற்றி எழுதியதற்கு வந்த கேள்விகள், கேட்டவர் ஊர்ப் பெயரோடு.

பெருந்துறை: பாலைவனச் சூட்டில்தான் டங்ஸ்டன் உண்டானதா?

இல்லைங்க. கிரானைட் குழம்பு பூமிக்கடியில் ஆறும்போது, மற்ற கனிமங்களுக்குள் இடம் கிடைக்காத டங்ஸ்டன், மாலிப்டினம், தகரம் எல்லாம் கடைசியில் மிஞ்சும் கொதிநீரோடு சேர்ந்துகொள்ளும். அந்த நீர் விரிசல்களில் புகுந்து ஆறினால் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) நரம்பாகும். தேகானாவில் அந்த நரம்புகளுக்குள் கறுப்புத் தகடுகளாக உல்ஃப்ரமைட் என்னும் டங்ஸ்டன் தாது இருக்கிறது. பாலைவனம் வந்தது வெகு காலத்துக்குப் பிறகு. சுற்றிலும் மணல் மூடிக் கிடந்தாலும் பாறை குன்றாக எழுந்து நிற்பதால் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

சேலம்: தோட்டத்தில் கனமான கறுப்புக் கல் கிடைத்தது. டங்ஸ்டனா?

காந்தத்தை வையுங்கள். பச்சென்று ஒட்டினால் மேக்னடைட், அதாவது இரும்புத் தாது. கஞ்சமலைப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை.

அரூர்: மாலிப்டினம் நம்ம பக்கம் உண்டா அண்ணா?

உண்டு தம்பி. அரூர், ஊத்தங்கரைப் பகுதியில் மாலிப்டினைட் என்னும் மாலிப்டினத் தாது இருப்பதைப் புவியியல் துறை கண்டறிந்திருக்கிறது. ஈயம் போல மினுக்கும், தொட்டால் வழுவழுப்பு, நகத்தாலேயே கீறலாம், காகிதத்தில் தேய்த்தால் கோடு விழும். கைவிட்ட குழிகளுக்குள் மட்டும் இறங்காதீர்கள்.

காங்கயம்: நீல டார்ச் அடித்தால் டங்ஸ்டன் கல் ஒளிருமாமே?

ஷீலைட் என்னும் இன்னொரு டங்ஸ்டன் தாது ஒளிரும், உல்ஃப்ரமைட் ஒளிராது. அதுவும் கடையில் ரூபாய் நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச் உதவாது. குறுகிய அலை புறஊதா விளக்கு வேண்டும். சுத்தமான ஷீலைட் நீலமாக ஒளிரும், மாலிப்டினம் கூடக்கூட வெள்ளையாகி மஞ்சளுக்குப் போகும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த விளக்கைப் பார்த்தால் கண்ணுக்குக் கேடு.

திருச்செங்கோடு: போர் போட நாங்கள் ஓட்டும் பட்டன் பிட் (பாறையைத் துளைக்கும் முனை) தேய்வது டங்ஸ்டன் மட்டம் என்பதால்தானே?

இதற்குக் கீழே கோவை பட்டறைக்காரர் ஒருவர், "பட்டன் மட்டமில்லை, ஓட்டுகிறவர் மட்டம்" என்று எழுத, ஆளாளுக்குச் சண்டை. இரண்டு பேருமே பாறையை மறந்துவிட்டீர்கள். பட்டன் என்பது டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சூளையில் இறுக்கியது. சுற்றியிருக்கும் உடம்பு வெறும் எஃகு. நம்ம ஊர் கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் எஃகை அரித்துவிட்டால் பிடிமானம் போய், நல்ல பட்டனும் கழன்று விழும். பட்டன் முனை தட்டையாகி, அந்தத் தட்டை பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததுமே சாணை பிடிக்க வேண்டும். அதைத் தாண்டி ஓட்டினால் பட்டன் சூடேறி விரிசல் விடும். இன்னொன்று, பிட்டைவிட உங்கள் நுரையீரல் முக்கியம். போர் போடும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. தண்ணீர் விட்டு ஓட்டுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது.

நாமக்கல்: கனமான கறுப்புக் கல்...

சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோவை: ஆர்கான் வெல்டிங்கில் சிவப்பு முனை டங்ஸ்டன் ராடு ஆபத்தா?

அதில் கதிரியக்கமுள்ள தோரியம் கலந்திருக்கிறது. வைத்திருப்பதில் பயமில்லை, சாணை பிடிக்கும்போது வரும் தூள்தான் மூச்சில் போகக்கூடாது. லாந்தனம் கலந்த ராடுக்கு மாறிவிடுங்கள்.

ஈரோடு: மதுரை நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலம் என்ன ஆனது?

2025 ஜனவரியில் மத்திய அரசே ரத்து செய்துவிட்டது. அந்த ஏலப் பகுதிக்குள் வந்த, பல்லுயிர் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டி போன்ற இடத்தில் சுரங்கம் வரக்கூடாது என்பதுதான் என் எண்ணமும்.

பவானி: கனமான கல்...

காந்தம்ங்க, காந்தம்!