நவம்பரில் ஃபீடருக்கு (சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைக்கு) வரும் துரு நிற ஹம்மிங்பேர்ட் எது, எப்படி உறுதிசெய்வது?

கேள்வி சுருக்கமாக: வட கரோலினாவில் ராலே பக்கம் வீடு. கோடையில் வந்த ரூபி த்ரோட்டட் (இந்தப் பக்கத்து வழக்கமான ஹம்மிங்பேர்ட்) எல்லாம் அக்டோபரோடு போய்விட்டன. நவம்பர் மூன்றாவது வாரத்தில் ஒன்றே ஒன்று வருகிறது. முதுகு பச்சை, விலா துரு நிறம், தொண்டையில் நாலைந்து புள்ளிகள். இது என்ன?

பெரும்பாலும் ரூஃபஸ், பெண்ணாகவோ இந்த வருடக் குஞ்சாகவோ இருக்கும். அலாஸ்காவின் தென்பகுதி வரை போய்க் கூடு கட்டுகிற மேற்குக் கரைப் பறவை இது. குளிர்காலத்தில் பெரும்பாலானவை மெக்சிகோவுக்குப் போகும். சில தென்கிழக்கு மாநிலங்களுக்கு வரும். ஆனால் விலா நிறத்தை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். இளம் ரூபிக்கும் விலாவில் லேசான பழுப்பு படிந்திருக்கும். வட கரோலினாக் கடலோரத்தில் ரூபிகளே குளிர்காலம் முழுக்கத் தங்குவதும் உண்டு. நவம்பர் என்பதாலேயே அபூர்வப் பறவை ஆகிவிடாது.

எல்லோரும் தொண்டையைத்தான் பார்க்கிறார்கள். அது ஏமாற்றும். அந்தப் பளபளப்பு சாயத்தால் வருவதல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. பறவை தலையைக் கொஞ்சம் திருப்பினால் சிவப்புத் தொண்டை கறுப்பாகிவிடும். நிழலில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ரூபி ஆணை, கறுந்தொண்டை கொண்ட மேற்கத்திய இனமான ‘பிளாக் சின்ட்’ என்று பதிவுபோடுவது வாடிக்கை. நெற்றி மஞ்சளாகத் தெரிந்தாலும் புது இனம் என்று துள்ள வேண்டாம், பூவின் மகரந்தம் ஒட்டியிருக்கும்.

பார்க்க வேண்டியது வால். விரிந்த வாலில் வெளிப்பக்கத்து மூன்று இறகுகளை அடியிலிருந்து நுனி வரை பாருங்கள். துரு, கறுப்பு, வெள்ளை என்று மூன்று பட்டை இருந்தால் செலாஸ்ஃபோரஸ் பேரினம், அதாவது ரூஃபஸ் கூட்டம். பெண் ரூபிக்கும் நுனி வெள்ளைதான், அதற்கு மேல் கறுப்புதான். ஆனால் அடிப்பகுதி சாம்பல் கலந்த பச்சை. துரு ஒரு பொட்டுக்கூட இருக்காது.

ஊரில் பார்த்த தேன்சிட்டு இதற்குச் சொந்தமில்லை. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து குடிக்கும், இது அந்தரத்தில் நின்று குடிக்கும். அப்படி நிற்கும்போது வாலை விரித்து விரித்து மடக்கும். அந்த நொடிதான் நமக்கு வேண்டும். ஃபீடரில் உட்காரும் வளையம் இருந்தால் ஒரு மணி நேரம் கழற்றி வையுங்கள், வேறு வழியில்லாமல் பறந்துகொண்டே குடிக்கும். குளிரில் அதற்குச் செலவாகும் சக்தி அதிகம், படம் எடுத்ததும் வளையத்தைத் திரும்ப மாட்டிவிடுங்கள். கேமரா என்றால் ஷட்டர் 1/2000 நொடியோ அதைவிட வேகமாகவோ, தொடர்ந்து சுடும் முறையில். போன் என்றால் ஃபீடரிலிருந்து அரை மீட்டரில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபோகஸைப் பூட்டி, 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் ஓடவிட்டு, பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தால் நிறம் மங்கும். துருவும் பழுப்பும் ஒன்றாகிவிடும்.

ரூஃபஸா, அதன் நெருங்கிய இனமான ஆலன்ஸா என்பதுதான் தலைவலி. முதிர்ந்த ஆணில் முதுகு முழுக்கத் துரு என்றால் ரூஃபஸ். முதுகு பச்சை என்றால் ஆலன்ஸ் என்று சொல்லிவிட முடியாது, பச்சை முதுகு ரூஃபஸ் ஆண்களும் இருக்கின்றன. அங்கே வாலின் நடு இறகிலிருந்து எண்ணி இரண்டாவதைப் பாருங்கள். நுனிக்கு அருகில் உள்விளிம்பில் கடித்தெடுத்தது போல ஒரு வெட்டு இருந்தால் ரூஃபஸ். ஆலன்ஸுக்கு அந்த வெட்டு கிடையாது. அதன் வாலின் வெளிக்கோடி இறகு ஊசி மாதிரி ஒடுங்கியிருக்கும். பெண்ணிலும் குஞ்சிலும் இதைப் படத்தில் பிரிப்பது அநேகமாக நடக்காத காரியம். பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் ‘ரூஃபஸ்/ஆலன்ஸ்’ என்றே ஒரு பதிவு இருக்கிறது, கூச்சப்படாமல் அதைப் போடுங்கள்.

வாலில் துருவே இல்லை, அந்தரத்தில் நின்று குடிக்கும்போதும் வால் அதிகம் ஆடுவதில்லை என்றால் பெரும்பாலும் ரூபி. அந்தரத்தில் நிற்கும்போது வாலை விடாமல் மேலும் கீழும் ஆட்டினால் பிளாக் சின்ட் மீது சந்தேகம் வைக்கலாம். இந்த இரண்டையும் பிரிக்க, ஃபீடரில் உட்காரும் வளையம் மாட்டியே இருக்கட்டும், ஏனென்றால் மடித்த இறக்கை தெரிய வேண்டும். கடைசி நீள இறகின் நுனி அகன்று மழுங்கி வளைந்திருந்தால் பிளாக் சின்ட்; ஒடுங்கி நேராகப் போனால் ரூபி. உருவம் பொடியாக, மடித்த இறக்கை வாலின் நுனியை எட்டினால் கலியோப் என்ற இனம். அலகு சிவந்து நுனி மட்டும் கறுத்திருந்தால் பஃப் பெல்லிட், டெக்சாஸ் பக்கத்துப் பறவை.

உறுதியான விடை வேண்டுமென்றால், பறவையைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் போடும் வளையமிடுபவரை அழைக்க வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் அனுமதி பெற்றவர்கள் மட்டுமே பிடிக்கலாம். நீங்களாக வலை வைத்தால் 1918-ஆம் வருடத்து இடம்பெயர் பறவைச் சட்டத்தை மீறியதாகும். அவர்கள் ஃபீடரைச் சுற்றிக் கூண்டு வைத்துப் பிடித்து, வால் இறகின் அகலத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். மேல் அலகில் நிறைய நுண்கீறல்கள் தெரிந்தால் குஞ்சு. காலில் மயிரிழை மாதிரி அலுமினிய வளையத்தைப் போட்டு விட்டுவிடுவார்கள். வளையமிட்ட ரூஃபஸ் அடுத்த குளிர்காலத்தில் அதே வீட்டு ஃபீடருக்குத் திரும்பி வந்த பதிவுகள் உண்டு.

அதுவரை ஃபீடரை எடுக்காதீர்கள். உணவு வைத்தால் பறவை இடம்பெயராமல் நின்றுவிடும் என்பது தவறு. பகல் நீளம் குறைவதுதான் அதைக் கிளப்புகிறது. ஒற்றைப் பறவைக்குக் கால் கப் வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர் போதும். நாட்டுச் சர்க்கரை, தேன், சிவப்புச் சாயம் எதுவும் வேண்டாம். இந்தக் கரைசல் 0 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே உறைந்துவிடும், அதனால் இரவில் உள்ளே எடுத்து வைத்து விடியுமுன் மாட்டுங்கள், அப்போதுதான் அதற்கு அகோரப் பசி. பக்கத்தில் பல்பு போடுவதானால் பழைய இழை பல்பு; எல்.இ.டி.யில் அவ்வளவு சூடு வராது. காலையில் அது ஃபீடரில் கண் மூடித் தலைகீழாகத் தொங்கினால் செத்துவிட்டதென்று பிடுங்கி எடுக்காதீர்கள். குளிருக்கு உடல் வெப்பத்தைக் குறைத்துக்கொண்டு உறங்குகிறது. சூடேறியதும் தானே பறந்துபோகும்.