கண் திறந்தும் பதில் சொல்லாதவருக்கு உணர்வு இருக்கிறதா? அதை எப்படிச் சோதிப்பது?

"தலைக்காயத்துக்குப் பிறகு என் தம்பி மூன்று வாரம் கோமாவில் இருந்தான். இப்போது மூன்று மாதம் ஆகிறது. பகலில் கண் விழிக்கிறான், இரவில் தூங்குகிறான், ஆனால் எதைச் சொன்னாலும் பதில் இல்லை. சில வேளைகளில் என்னைப் பார்ப்பதுபோல் தோன்றுகிறது. மருத்துவமனையில் அது அனிச்சைச் செயல் என்கிறார்கள். நாங்கள் பேசுவது அவனுக்குப் புரிகிறதா? ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

உங்கள் கண்ணுக்குப் பட்டது உண்மையாகவும் இருக்கலாம், ஆசையால் தோன்றியதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை ஒருமுறை பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் முறையாகச் சோதித்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

விழித்திருப்பதும் உணர்ந்திருப்பதும் வேறு வேறு. கண்ணைத் திறக்கவைப்பதும் தூக்கத்தையும் விழிப்பையும் மாறி மாறி நடத்துவதும் முக்கியமாக மூளைத்தண்டின் வேலை. சுற்றி நடப்பதை அறிவதற்கோ பெருமூளையின் மேற்புறணியும், மூளையின் நடுவில் இருந்து புலன்செய்திகளை அதற்கு அனுப்பும் தாலமஸும் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டு இயங்க வேண்டும். கோமா நான்கு வாரங்களைத் தாண்டி நீடிப்பது அரிது. பிழைத்தவர்கள் அதற்குள் கண் திறந்துவிடுவார்கள். அதன் பிறகும் உணர்வுக்கான அடையாளம் எதுவும் தென்படாவிட்டால் அதைப் பதிலற்ற விழிப்புநிலை என்றும், சிறிதளவாவது, விட்டுவிட்டாவது அடையாளம் தென்பட்டால் குறைந்தபட்ச உணர்வுநிலை என்றும் மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். கொட்டாவி, பல்லை நறநறவென்று கடிப்பது, உள்ளங்கையில் விரலை வைத்தால் பற்றிக்கொள்வது, காரணமின்றி வழியும் கண்ணீர் ஆகியவை உணர்வே இல்லாமலும் நிகழக்கூடியவை. ஆனால் அசையும் பொருளைக் கண்கள் விடாமல் பின்தொடர்வது அப்படிப்பட்டதல்ல. உணர்வு திரும்பும் பலரிடம் முதலில் தெரியும் அடையாளமே அதுதான். ஆகையால், தம்பி உங்களைப் பார்ப்பதுபோல் தோன்றியதைச் சோதிக்காமல் அனிச்சைச் செயல் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இதற்கென்றே அமெரிக்க நரம்பு உளவியலாளர் ஜோசப் ஜியாசினோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004-இல் திருத்தி வெளியிட்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. கோமா மீட்பு அளவுகோல் என்று அதைச் சொல்லலாம். கேட்டல், பார்த்தல், அசைவு, வாய்ச்செயல், தொடர்புகொள்ளல், விழிப்பு ஆகிய 6 பிரிவுகளில் மொத்தம் 23 புள்ளிகள். பெல்ஜியத்தின் லீஜ் நகர ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவக் குழுவின் பொதுவான கவனிப்பின்படி உணர்வற்றவர்கள் என்று கருதப்பட்ட 44 பேரை இந்த அளவுகோலால் சோதித்தபோது, 18 பேரிடம் உணர்வின் அடையாளங்கள் இருந்தன. அந்த மருத்துவர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று இதற்குப் பொருளல்ல. இத்தகைய நோயாளிகளின் விழிப்பு ஒரே நாளிலேயே ஏறி இறங்கும். பத்து நிமிடம் கட்டிலருகே நின்று பார்ப்பவருக்கு அது பிடிபடாது. இரண்டு வாரங்களுக்குள் குறைந்தது ஐந்து முறையாவது சோதிக்க வேண்டும் என்று பின்னர் வந்த ஆய்வு பரிந்துரைப்பது இதனால்தான்.

பார்வைச் சோதனைக்கு ஒரு கைக்கண்ணாடியே போதும். முகத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் தொலைவில், தன் முகம் அவருக்குத் தெரியும்படி பிடித்து, நடுவிலிருந்து வலப்பக்கமும் இடப்பக்கமும், பிறகு மேலும் கீழும், மெதுவாக 45 பாகை வரை நகர்த்துவார்கள். கண்கள் பார்வையை நழுவவிடாமல் இரண்டு முறை தொடர்ந்தால் அது கணக்கில் சேரும். ஒரு பேனாவையோ எதிரில் நிற்பவரையோ தொடராத கண்கள், கண்ணாடியில் தெரியும் சொந்த முகத்தைத் தொடர்வது உண்டு. ஆகவே, எதை வைத்துச் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. தம்பி நன்றாக விழித்திருக்கும் வேளையில், முடிந்தால் சாய்த்து உட்காரவைத்து, கண்ணாடி அணிபவராக இருந்தால் அதை மாட்டிவிட்டு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லாமல், கைகால்கள் தாமாக எப்படி அசைகின்றன என்பதை மட்டும் பதிவு செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீணாகும். பிறகு அவர் உடலால் செய்ய முடிந்த ஒரே ஒரு செயலை, "கட்டை விரலைத் தூக்கு" என்பதுபோல, நான்கு முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து விநாடி காத்திருங்கள். நான்கில் மூன்று முறை அந்தச் செயலே நடந்து, அமைதியான நிமிடத்தில் அது நடக்காமலும் இருந்தால், அந்தப் பதிவை மருத்துவரிடம் காட்டுங்கள். பதில் வராவிட்டால் அது உணர்வு இல்லை என்பதற்குச் சான்றாகாது: மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதி சேதமடைந்திருக்கலாம், கேட்கும் திறன் குறைந்திருக்கலாம், கை விறைத்துப்போயிருக்கலாம்.

ஸ்கேனைப் பொறுத்தவரை, வழக்கமான சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் சேதத்தின் அளவைக் காட்டுமே தவிர உணர்வைக் காட்டாது. அதைத் தேடுவது, மூளையின் எந்தப் பகுதி எப்போது இயங்குகிறது என்று காட்டும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. 2006-இல் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழு, பதிலற்ற நிலையில் இருந்த 23 வயதுப் பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகவும், பிறகு தன் வீட்டு அறைகளுக்குள் நடப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் அவருடைய மூளையின் உரிய பகுதிகள், நலமாக இருப்பவர்களிடம் காண்பதைப் போலவே செயல்பட்டன. ஒரு விரலைக்கூட அசைக்க முடியாத உடலுக்குள் கட்டளையைப் புரிந்துகொண்டு நிறைவேற்றும் ஒருவர் இருந்தார். 2024-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையான பதில் தராத 241 பேரில் 60 பேரிடம், அதாவது நால்வரில் ஒருவரிடம், செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. அல்லது இ.இ.ஜி. (தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவது) வழியாக இத்தகைய மறைந்த பதில் தென்பட்டது. அதே ஆய்வின் மறுபக்கமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: படுக்கையருகே கட்டளைக்குக் கண்கூடாகப் பதில் தந்த 112 பேரிலும் 43 பேரிடம் மட்டுமே கருவிகள் அதைக் கண்டன. எனவே கருவி ஆம் என்றால் நம்பலாம். இல்லை என்றால் அதை முடிவான சொல்லாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தச் சோதனை ஆராய்ச்சி மையங்களில்தான் பெரும்பாலும் நடக்கிறது. கட்டிலருகிலேயே எடுக்கக்கூடிய இ.இ.ஜி. எளிதாகக் கிடைப்பது.

ஸ்கேனுக்கு அலைவதற்கு முன், விழிப்பை மழுங்கடிக்கும் காரணங்கள் களையப்பட்டுள்ளனவா என்று கேட்பதே அவசரமானது என்பது என் கருத்து. தசை விறைப்புக்கும் வலிப்புக்கும் தரும் சில மருந்துகள், வெளியே தெரியாத வலிப்பு, மூளை அறைகளில் நீர் தேங்குதல், நோய்த்தொற்று, சோடியம் குறைவு ஆகிய ஒவ்வொன்றும் இருக்கும் உணர்வை மறைத்துவிடக்கூடும். இவற்றுக்கு வழியும் உண்டு. அமாண்டடின் என்ற மருந்தைப் பற்றியும் கேளுங்கள். தலைக்காயமடைந்து 4 முதல் 16 வாரங்கள் ஆன 184 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான சோதனையில், மருந்து எடுத்த நான்கு வாரங்களில் முன்னேற்றம் விரைவாக இருந்தது. நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்தது. வலிப்பு உள்ளவர்களுக்கு இதை யோசித்தே தர வேண்டும்.

மூன்று மாதத்தில் எவரும் இனி இப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. அமெரிக்க நரம்பியல் கழகம் 2018-இல் பிற அமைப்புகளுடன் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், தலைக்காயத்துக்குப் பின் இந்நிலை 12 மாதங்கள் நீடித்த பிறகும்கூட 'நிரந்தரம்' என்று குறிப்பிடாமல் 'நாட்பட்டது' என்றே குறிப்பிடச் சொல்கிறது. மீள்பவர்களில் பலருக்குக் கடுமையான இயலாமை மிஞ்சும் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. எப்படியானாலும், அவருக்கு வலிக்கக்கூடும், பேச்சு கேட்கக்கூடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள், அவர் எதிர்காலத்தைப் பற்றிய கவலைகளை அறைக்கு வெளியே பேசுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது மொத்தப் புள்ளியை மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். ஆறு பிரிவுகளுக்கும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். மொத்தம் குறைவாக இருந்தாலும், பார்வைப் பிரிவில் பின்தொடர்தலுக்குரிய புள்ளி கிடைத்திருந்தாலே உங்கள் தம்பி குறைந்தபட்ச உணர்வுநிலையில் இருப்பவராகக் கொள்ளப்பட வேண்டும்.