மாப்பிள்ளை காய்ச்சிய பீர் பெட்டிக்குள் வெடிக்குமா?

கேள்வி: என் மகளும் மருமகனும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை பொழுதுபோக்காக வீட்டிலேயே பீர் தயாரிப்பார். மே மாதம் என் கணவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு வரும்போது, மாமனாருக்காக 12 அரை லிட்டர் பாட்டில்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரப் போவதாகச் சொல்கிறார். விமானம் மேலே போனதும் பாட்டில் வெடித்துப் பட்டுப்புடவையெல்லாம் பாழாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கோயம்புத்தூரில் பிடித்துவிடுவார்களா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: அம்மா, முதலில் வெடிக்கும் பயத்தைத் தீர்த்துவிடுவோம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுதான். பெட்டிகள் போகும் கீழ் அறையிலும் அதே அழுத்தம். உங்கள் கோத்தகிரியே கிட்டத்தட்ட 6,000 அடி, ஊட்டி 7,000 அடிக்கு மேல். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் வீடு வந்து சேர்வதற்குள் உப்பிக்கொள்கிறதே, அவ்வளவுதான் விமானத்திலும் நடக்கும். சாதாரணமாகவே பீர் பாட்டிலுக்குள் கார் டயரில் இருக்கும் அளவுக்கு அழுத்தம் உண்டு. அதைத் தாங்கும் கண்ணாடிக்கு இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல.

வெடிக்க வைப்பது வேறு. பீர் முழுதாகப் புளித்து முடியும் முன்பே மாப்பிள்ளை மூடி போட்டுவிட்டால், மிச்சமிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுகொண்டே இருக்கும். வாயு சேர்ந்துகொண்டே போகும். இங்கிலாந்தின் குளிரில் சும்மா இருந்தது, மே மாத வெயிலில் கார் டிக்கிக்குள் ஒரு மணி நேரம் கிடந்தால் விழித்துக்கொள்ளும். உங்கள் பாட்டிலுக்கு ஆபத்தான இடம் விமானம் இல்லை, கோவைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில்தான். எனவே ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியை அளந்து சர்க்கரை மிச்சமிருக்கிறதா என்று காட்டும் கருவி) அளவு மூன்று நாள் தொடர்ந்து மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைத்தாரா என்று கேளுங்கள். 'சுமாராப் பார்த்தேன்' என்றால் அந்தப் பாட்டில்கள் வரவே வேண்டாம்.

பாட்டில் கழுத்தில் ஓர் அங்குலம் காலி இருக்கட்டும். தடித்த பீர் பாட்டில், சோடா மூடி. ஒவ்வொன்றையும் குழந்தை டயப்பரில் சுற்றி, ஜிப் உறையில் போட்டு, ஒன்றோடொன்று இடிக்காமல் பெட்டி நடுவில் துணிகளுக்கிடையே வைக்கச் சொல்லுங்கள். பட்டுப்புடவை வேறு பெட்டியில் வரட்டும். பிளாஸ்டிக் பாட்டில் உடையாதே என்று நினைப்பார். ஆனால் நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் இறக்கிவைத்துவிட்டு வரவா இவ்வளவு தூரம்?

விமான விதியில் 24 சதவீதம் ஆல்கஹாலுக்கு மேல் போனால்தான் ஆளுக்கு 5 லிட்டர் என்ற கட்டுப்பாடு. பீரில் இருப்பது பெரும்பாலும் 4, 5 சதவீதம், அந்தக் கணக்கிலேயே வராது. ஆனால் கவுண்டரில் ஒருவர் சரி என்பார், பக்கத்துக் கவுண்டரில் இருப்பவர் கடை சீல் எங்கே என்பார். பயணச் சுமைப் பிரிவில் இத்தனை வருடம் இருந்த எனக்கே இந்தக் குளறுபடி எரிச்சலைத் தருகிறது. விதி ஒன்றுதான், அதைப் படிக்காமல் பயணியை அலைக்கழிக்கிறார்கள். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளட்டும். 'வீட்டில் தயாரித்த பீர், 500 மில்லி, இத்தனை சதவீதம்' என்று பாட்டிலில் ஒரு சீட்டும் ஒட்டட்டும்.

இப்போது சுங்கம். இங்கேதான் உங்கள் மாப்பிள்ளையின் கணக்கு தப்புகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவருக்குத் தீர்வை இல்லாமல் 2 லிட்டர் மதுதான். 12 பாட்டில் என்றால் 6 லிட்டர். இந்த 2 லிட்டரில் பீர், ஒயின், விஸ்கி எல்லாம் அடக்கம், வழியில் டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்குவதும் அடக்கம். பலர் ஏமாறுவது இங்கேதான்: பெட்டியில் 2 லிட்டர், கையில் டியூட்டி ஃப்ரீ பையில் இன்னொரு 2 லிட்டர்.

மகளுக்கும் 2 லிட்டர் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அது அவருடைய பங்கு. இருவர் பங்கையும் சேர்த்து ஒருவர் கணக்கில் காட்டச் சட்டம் இடம் தராது. கணவன் மனைவி என்றாலும் அப்படித்தான். ஆகவே நான்கு பாட்டில் மாப்பிள்ளை பெட்டியில், நான்கு மகள் பெட்டியில், அவரவர் பெயரில் டேக் ஒட்டி. பேரக்குழந்தைகளின் பெயரில் கணக்குக் காட்டக்கூடாது. எட்டு பாட்டிலோடு நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் கொண்டுவந்தால் ரெட் சேனலில் போய்ச் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். வீட்டுப் பீருக்கு பில் கிடையாது, விலையை அதிகாரியே முடிவு செய்வார். வழியில் ஷார்ஜாவில் தங்கி வருவதாக இருந்தால் ஒரு பாட்டிலும் வேண்டாம். அங்கே மதுவுக்கு முழுத் தடை.

அப்புறம் ஏஜென்ட். 'மீதி நாலு பாட்டிலை கூரியரில் போடுங்க, ஜூஸ்னு எழுதிடலாம்' என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். என் சொந்தக்காரப் பையன் அப்படி அனுப்பினான். பெட்டி வரவில்லை, கட்டிய பணமும் வரவில்லை, ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. பொய்யாக எழுதிய சீட்டில் கையெழுத்து மட்டும் இவனுடையது. 'கஸ்டம்ஸில் நம்ம ஆள் இருக்கார்' என்பவரையும், 'என் பங்கு சும்மாதான் இருக்கு, ரெண்டு பாட்டில் குடுங்க' என்று விமானத்தில் பழகும் பயணியையும் அண்டவிடாதீர்கள். மாட்டினால் அவர்கள் யாரும் உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார்கள்.

இன்னொன்று. இங்கிலாந்தில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை. இங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். 'சுமக்கிறதுக்குப் பதில் கோத்தகிரியிலேயே காய்ச்சித் தரேன் மாமா' என்று மாப்பிள்ளை ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள். ஹோம்மேட் சாக்லேட்டுக்குப் பக்கத்தில் லேபிள் இல்லாத ஹோம்மேட் ஒயின் விற்றாலும் தொடாதீர்கள்.

கோவையிலிருந்து வரும்போது பாட்டில்கள் டிக்கியில் வேண்டாம், ஏசி ஓடும் உள்ளே காலடியில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் நிமிர்த்தி, இருட்டான இடத்தில் இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் பாதி நுரையாகவே போய்விடும். அடியில் படிந்திருப்பது ஈஸ்ட்தான், கெட்டுப்போனதல்ல. கடைசி ஒரு விரல்கடை அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.