கபடி நடுவர் பணி ஒதுக்கீடு: ஏற்காட்டுச் சகோதரிக்கு

நடுவர் தேர்வில் தேறி மூன்றாண்டுகளாகியும் சேலம் போட்டிகளில் உங்களுக்குப் புள்ளி எழுதும் மேசையே தரப்படுகிறது என்றும், ஆண்கள் ஆட்டத்தைப் பெண்ணால் கட்டுப்படுத்த முடியாது என்று காரணம் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்து மனம் வெதும்பினேன். 2023 ஜனவரியில் நம் ஜனனி நாராயணன் உள்ளிட்ட மூன்று பெண்கள் ரஞ்சிக் கோப்பையில், அதாவது ஆண்கள் கிரிக்கெட்டில், நடுவர்களாக நின்றார்கள் என்பதால் அந்தக் காரணம் செல்லாது. கபடியில் பாடி வருபவரின் ஒரு கால், கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோட்டைத் தாண்டும்போது மறுகால் தரையை விட்டு எழுந்திருந்ததா என்று அந்த நொடியிலேயே காண்பதுதான் நம் வேலை. அதற்குக் கூரிய பார்வையும் உறுதியும் போதும்.

இதுவரை பணியாற்றிய ஒவ்வொரு போட்டியின் தேதியையும், தரப்பட்ட பொறுப்பையும் பட்டியலிட்டு, தேறியவர்களுக்குச் சுழற்சி முறையில் பணி ஒதுக்குமாறு அமைப்பாளர்களிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். இரவு ஆட்டம் முடிந்தபின் மலையேறப் பேருந்து கிடைக்காத சிக்கலையும் அதிலேயே குறிப்பிட்டு, பகல் ஆட்டங்களைக் கேளுங்கள்.