பேரேடும் கிடங்கும்: புகைப்பட மென்பொருள் பற்றி வாசகர் கேள்விகள்

புகைப்படங்களைத் திருத்தவும் அடுக்கிவைக்கவும் புதிதாக ஒரு மென்பொருளைக் கற்றுக்கொள்வோர் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை என்பதால் முதல் இரண்டு பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: ஐயா, இருபது ஆண்டுகளாக ஸ்டூடியோ நடத்துகிறேன். போட்டோஷாப்பில் ஒவ்வொரு படமாகத் திறந்து வேலை செய்தே பழகியவன், மூன்று மாதங்களுக்கு முன்புதான் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளுக்கு மாறினேன். கணினியில் இடம் போதவில்லை என்று என் மகன் நான்கு திருமணங்களின் ஃபோல்டர்களை வெளி ஹார்டு டிஸ்குக்கு மாற்றிவிட்டான். இப்போது மென்பொருளைத் திறந்தால் அந்த நான்கிலும் கேள்விக்குறி தெரிகிறது. ஆல்பம் அச்சுக்குப் போகவேண்டிய நேரத்தில் இப்படி ஆகிவிட்டது. படங்கள் அழிந்துவிட்டனவா?
— ஸ்டூடியோ உரிமையாளர், தருமபுரி

பதில்: படங்களும் அழியவில்லை, நீங்கள் செய்த திருத்தங்களும் அழியவில்லை. மகனைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். போட்டோஷாப் பழக்கத்திலிருந்து வருகிற எவரும் செய்யக்கூடிய காரியத்தைத்தான் அவர் செய்திருக்கிறார்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்காய் மண்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காய் கிடங்கில் இருக்கும். எந்தத் தோட்டத்துக் காய், எத்தனை கூடை, எந்த மூலையில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் இருக்கும். லைட்ரூம் அந்தப் பேரேடு மட்டுமே. 'கேட்டலாக்' என்று அது அழைக்கும் கோப்பில் உங்கள் படம் எதுவும் இல்லை. படம் வன்தட்டில் எங்கே கிடக்கிறது, அதற்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்தீர்கள், வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினீர்கள், எங்கே வெட்டினீர்கள் என்னும் குறிப்புகளும் பார்வைக்கான சிறு முன்தோற்றங்களும்தான் அதைச் சார்ந்தவை. இரவோடு இரவாக ஒருவர் கூடைகளை வேறு கிடங்குக்கு மாற்றிவிட்டு கணக்குப்பிள்ளையிடம் சொல்லாமல் இருந்தால், காலையில் அவர் பேரேட்டைத் திறந்து விழிப்பது போலத்தான் உங்கள் மென்பொருள் இப்போது கேள்விக்குறி காட்டி விழிக்கிறது.

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். வெளி ஹார்டு டிஸ்கைக் கணினியில் இணைத்துவிட்டு, கேள்விக்குறி உள்ள ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கி, 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த ஃபோல்டரின் புதிய இடத்தைக் காட்டுங்கள். நான்குக்கும் இதைச் செய்தால் திருத்தங்கள் அனைத்தும் தத்தம் படங்களோடு திரும்பச் சேர்ந்துவிடும். ஆனால் பதற்றத்தில் இரண்டு காரியங்களைச் செய்துவிடாதீர்கள். கேள்விக்குறி உள்ள ஃபோல்டரை 'ரிமூவ்' செய்தால் பேரேட்டின் அந்தப் பக்கத்தையே கிழித்தெறிந்ததாக ஆகும். படங்களைப் புதிதாக 'இம்போர்ட்' செய்தால் அவை எந்தத் திருத்தமும் இல்லாத புதுப் பதிவுகளாக உள்ளே வந்து, பழையவற்றோடு சேர்ந்து இரட்டிப்புக் குழப்பம் உண்டாகும். மகன் கோப்புகளின் பெயர்களையும் மாற்றியிருந்தால் மட்டும் வேலை கடினம். பழைய பெயர்களை மீண்டும் வைத்தால்தான் மென்பொருள் தானாக அடையாளம் காணும்.

இனிமேல் ஃபோல்டரை இடம் மாற்றுவது, பெயர் மாற்றுவது எல்லாவற்றையும் லைட்ரூமுக்குள் இருந்தே செய்யுங்கள். வெளி டிஸ்குக்கு விண்டோஸ் ஒருநாள் 'ஈ' என்றும் மறுநாள் 'எஃப்' என்றும் எழுத்துக் கொடுத்தாலும் இதே கேள்விக்குறி வரும் என்பதால், 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியில் அதற்கு ஒரு நிலையான எழுத்தை ஒதுக்கிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருளை மூடும்போது 'பேக்அப்' எடுக்கட்டுமா என்று அது கேட்கும். நீங்களும் சம்மதித்து நிம்மதியாக ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். அது நகலெடுப்பது கேட்டலாக்கை மட்டுமே. படங்களில் ஒன்றைக்கூட அது தொடுவதில்லை. இதை அறியாமல் நானும் ஈராண்டுகள் அந்தப் பொத்தானை நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்கால மாலையில் டிஸ்க் பழுதானபோது, ஒரு காதணி விழாவின் பேரேடு மட்டும் பழுதின்றி என் கையில் இருந்தது. அந்த வீட்டுத் தாய்மாமனுக்கு நான் சொன்ன சமாதானத்தை இங்கே எழுத முடியாது. படங்களுக்குத் தனியாக இரண்டு நகல்கள் வேண்டும். அவற்றில் ஒன்று ஸ்டூடியோ இருக்கும் கட்டடத்துக்கு வெளியே இருக்கவேண்டும்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். எங்கள் வட்டாரத்து நடுகற்களைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன்; பழைய அச்சுப் படங்களின் ஸ்கேன்களையும் சேர்த்துப் பதினோராயிரம் கோப்புகளுக்கு மேல் உள்ளன. இன்றும் கூகுளின் பழைய புகைப்பட மென்பொருளான பிக்காசாவையே பயன்படுத்துகிறேன். பேரன் புதுக் கணினி வாங்கித் தந்து, டிஜிகேம் என்னும் இலவச மென்பொருளை நிறுவியிருக்கிறான். குறிப்புகள் எதுவும் இழக்காமல் மாறுவது எப்படி?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊத்தங்கரை

பதில்: பிக்காசாவுக்கான ஆதரவை கூகுள் 2016 மார்ச் 15 அன்று நிறுத்திக்கொண்டது. பழைய கணினியில் அது இன்னும் ஓடுவது உங்கள் நல்லூழ். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றத்தை முடித்துவிடவேண்டும். பழைய கணினியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

பிக்காசா தன் குறிப்புகளை ஒரே இடத்தில் வைப்பதில்லை. ஜேபெக் படங்களுக்கு நீங்கள் எழுதிய தலைப்புரையையும் குறிச்சொற்களையும் அது படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறது. ஆகவே அவை படத்தோடு பயணம் செய்யும். நட்சத்திரக் குறிகளும், 'சேவ்' செய்யாமல் விட்ட திருத்தங்களும் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் மறைந்திருக்கும் 'பிக்காசா.ஐஎன்ஐ' என்ற சிறு கோப்பில் இருக்கின்றன. இவற்றை டிஜிகேம் பொருட்படுத்தாது. அதனால் நட்சத்திரமிட்ட படங்களை மட்டும் பிக்காசாவில் வடிகட்டிக் காட்டச்செய்து, அனைத்தையும் தேர்ந்தெடுத்து, 'தேர்ந்தவை' என்று ஒரு குறிச்சொல்லை மொத்தமாக இட்டுவிடுங்கள். நட்சத்திரம் பயணப்படாவிட்டாலும் குறிச்சொல் பயணப்படும். திருத்திய படங்களில் முக்கியமானவற்றை 'சேவ்' செய்யுங்கள். அப்போது மூலப் படம் 'பிக்காசாஒரிஜினல்ஸ்' என்னும் மறைவான ஃபோல்டருக்குள் போகும். விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கிவிட்டு, அந்த ஃபோல்டர்களும் சேர்ந்து வருமாறு முழு அடுக்கையும் நகலெடுக்கவேண்டும். கோப்புகளின் பெயர்களை இந்தக் கட்டத்தில் மாற்றக்கூடாது; அந்தச் சிறு கோப்பு, படங்களைப் பெயரைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறது. முதலில் பத்துப் படங்கள் உள்ள ஒரு ஃபோல்டரை மட்டும் மாற்றி, தமிழ்க் குறிப்புகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்லுங்கள்.

மாறிய பிறகு பெயர்களை மாற்றலாம், மாற்றவும் வேண்டும். பெரும்பாலான கேமராக்கள் நான்கு இலக்க எண்ணையே கோப்புக்குத் தருகின்றன. 9999-க்குப் பிறகு மீண்டும் 0001 வந்துவிடும். பதினோராயிரம் படங்களில் ஒரே பெயருடைய இரட்டையர்கள் நிச்சயம் இருப்பார்கள். எடுத்த நாளைப் பெயரின் முன்னால் சேர்த்தால் அந்தச் சிக்கல் தீரும். ஸ்கேன் செய்தவற்றில் ஒரு எச்சரிக்கை: கோப்பில் உள்ள தேதி பெரும்பாலும் ஸ்கேன் செய்த நாளாகவே இருக்கும் என்பதால், நினைவிலுள்ள ஆண்டையாவது திருத்தி எழுதிவிட்டுப் பெயர் மாற்றுங்கள்.

இனி உங்கள் துறைக்கு வருகிறேன். குறிச்சொற்களைத் தனித்தனியாக இறைக்காமல், மாவட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் ஊர் என்று கிளைகளாக அமைக்க டிஜிகேம் இடந்தருகிறது. இங்கே நம் மண்ணுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஊத்தங்கரை 2004 பிப்ரவரி 9 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. தருமபுரியே 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தின் பகுதி. படத்தின் பின்புறம் எழுதியிருந்தபடியே மாவட்டப் பெயரை இட்டால், ஒரே ஊரின் கற்கள் மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும். இன்றைய நிர்வாக எல்லையை மட்டும் குறிச்சொல்லில் வைத்து, பழைய பெயரைத் தலைப்புரையில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டலையும் முதல் நாளே முடிவு செய்துவிடவேண்டும்: தருமபுரியா தர்மபுரியா, அரூரா ஹரூரா என்பதில் மென்பொருளுக்கு ஆசிரியர் மனம் கிடையாது, ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு ஊர் என்றே கொள்ளும். அதேபோல், ஊர்மக்கள் அக்கல்லை வேடியப்பன் என்று வணங்கினால் அந்தப் பெயரையும் 'நடுகல்' என்பதோடு சேர்த்து இடுங்கள். நாளை தேடப்போகும் மாணவருக்கு எந்தச் சொல் வாயில் வரும் என்பது நமக்குத் தெரியாது.

பழைய குறிப்புகளைப் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருந்தால் அவற்றை ஒட்டாதீர்கள். குறிச்சொல் பெட்டியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே விழும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பயன்படுத்தவேண்டும். கடைசியாக, டிஜிகேமும் தனக்கென ஒரு பேரேடு வைத்திருக்கிறது. அதன் அமைப்புகளில் 'மெட்டாடேட்டா' பகுதிக்குச் சென்று, குறிச்சொல், தலைப்புரை, மதிப்பீடு ஆகியவற்றைப் படக் கோப்பிலும் எழுதுமாறு தெரிவு செய்திருக்கிறதா என்று சரிபாருங்கள். பிக்காசா போனதுபோல் இதுவும் ஒருநாள் போகலாம். அப்போதும் உங்கள் குறிப்பு கல்லின் படத்தோடேயே இருக்கும்.

கேள்வி: ஒகேனக்கல் சென்று எடுத்த படங்களைத் திருத்திப் பழகுகிறேன். அருவி முழுவதும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் சாம்பல் நிறமாகிறதே தவிர நீரின் இழைகள் தெரியவில்லை. எந்தக் கருவியை முதலில் கற்கவேண்டும்?
— கல்லூரி மாணவி, பென்னாகரம்

பதில்: முதலில் கற்கவேண்டியது படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு இருக்கின்றன என்று இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடத்தைப் படிப்பதைத்தான், தங்கையே. அதன் வலது ஓரத்தில் சுவரில் மோதியதுபோல் உயர்ந்து நின்றால், அந்தப் பகுதியில் பதிவான விவரம் எதுவும் இல்லை என்று பொருள். நீங்கள் ஜேபெக்கில் எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. நுரை முழுவதும் உச்சிப்படியில் போய் ஒட்டிக்கொண்டபின் எந்தக் கருவியாலும் அதை இறக்கிக்கொண்டுவர முடியாது. கேமராவின் உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் 'ரா' கோப்பில் 16,384 படிகள் இருப்பதால், ஓரளவு மிகைவெளிச்சத்தை, பளிச்சென்ற பகுதிகளை மட்டும் இறக்கும் 'ஹைலைட்ஸ்' நகர்த்தியால் (ஸ்லைடர்) மீட்கலாம். அடுத்த முறை ராவில் எடுங்கள். நண்பகலைத் தவிர்த்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தே பதிவு செய்யுங்கள். பாறையின் இருளைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

திருத்தும் வரிசை: வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்), மொத்த வெளிச்சம், ஹைலைட்ஸ், அதன்பின் நிறம். மூடுபனியைத் துடைக்கும் 'டீஹேஸ்' என்னும் நகர்த்தியைக் கண்டதும் எல்லோருக்கும் கை பரபரக்கும். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. புகையும் கல் என்பதால்தான் அந்த இடத்துக்கே அப்பெயர். சாரலை முழுவதும் துடைத்துவிட்டால் பரிசலும் பாறையும் மிஞ்சும், ஒகேனக்கல் மிஞ்சாது.

கேள்வி: மாதச் சந்தா கட்டும் மென்பொருளை நிறுத்திவிட்டால் அதுவரை செய்த வேலை பூட்டப்பட்டுவிடுமா?
— வாசகர், ஓசூர்

பதில்: லைட்ரூம் கிளாசிக்கைப் பொறுத்தவரை, சந்தா முடிந்தாலும் மென்பொருள் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். திருத்தும் 'டெவலப்' பகுதியும் வரைபடப் பகுதியும் செயல்படாது. ஆண்டுக்கு நான்கைந்து விழாக்களுக்கு மட்டும் படமெடுப்பவர் சந்தா கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. டார்க்டேபிள் என்னும் திருத்த மென்பொருள் இலவசமானது, கற்கச் சற்றுக் கடினமானது, ஆனால் அந்தக் கடினத்துக்குத் தகுதியானது.

கேள்வி: திருமணத்தில் நானும் உதவியாளரும் தனித்தனிக் கேமராக்களில் எடுக்கிறோம். நேர வரிசைப்படி அடுக்கினால் தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை காசியாத்திரை போகிறார். மென்பொருளின் கோளாறா?
— புகைப்படக் கலைஞர், பாலக்கோடு

பதில்: கோளாறு கேமராவின் கடிகாரத்தில். இரண்டு கேமராக்களிலும் ஒரே கணத்தில் பதிவான ஒரு காட்சியைத் தேடுங்கள். மங்கல நாண் பூட்டும்போது எல்லோரும் அட்சதை தூவும் கணம் பொருத்தமாக இருக்கும். இரண்டிலும் உள்ள நேர வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, உதவியாளரின் படங்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, லைட்ரூமின் 'எடிட் கேப்சர் டைம்' கட்டளையில் அவற்றில் முதன்மையாகத் தெரியும் படத்துக்குச் சரியான நேரத்தைக் கொடுத்தால் மற்றவையும் அதே அளவு நகரும். அடுத்த முகூர்த்தத்தன்று மண்டபத்துக்குள் நுழைவதற்கு முன், விநாடி காட்டும் ஒரு கைபேசிக் கடிகாரத்தை இருவரும் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்சதை தேட வேண்டியிராது.