"பிணம் எழும்புத படம் இருக்கா அண்ணாச்சி?"

போன மாதம் என் பழைய வீடியோ கேசட் கடையைப் பற்றி எழுதும்போது, செத்தவர்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்னும் ஜாம்பி படங்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதிவைத்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். பட்டா மாற்றம், முட்டுவலி பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதம் பிணங்களுக்கு.

கதை கிடையாது, நடிப்பு கிடையாது, ரத்தம் தக்காளிச் சாறு மாதிரி இருக்கிறது. இந்த மட்டமான படங்களை ஏன் உலகம் முழுக்க ஒரு கூட்டம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது?
(கல்லூரி மாணவர், குலசேகரம்)

தம்பி, 1988 வாக்கில் தக்கலையில் டெக், டிவி, மூன்று கேசட் எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகைக்கு விடுவேன். கல்யாண வீடு, பால்காய்ப்பு வீடு என்று ஆட்டோவில் ஏறிப் போகும். முதல் படம் பெரியவர்களுக்கு, இரண்டாவது பெண்களுக்கு. எல்லாரும் தூங்கிய பிறகு மூன்றாவது. அந்த மூன்றாவதைக் கேட்க வரும் பையன்கள் யாருக்கும் படத்தின் பெயர் தெரியாது. "பிணம் எழும்புத படம் இருக்கா அண்ணாச்சி?" என்பார்கள். நானும் கவரின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் 'பிணம்-1', 'பிணம்-2' என்று எழுதி வைத்துவிட்டேன்.

'பிணம்-1' என்பது ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. 1968, கருப்பு வெள்ளை. பிட்ஸ்பர்க் நகரத்தில் டிவி விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டம் அது. ஹாலிவுட்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. சீட்டுப் போடுகிற மாதிரி பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கினார்கள். முடிக்கும்போது சுமார் 1,14,000 டாலர் ஆகியிருந்தது. அந்த ஊர்க் கணக்கில் அது சில்லறை. இடிக்கப்போகிற பண்ணை வீடு ஒன்று கிடைத்தது. இடிக்கிற வீடுதானே, ஜன்னலை உடைக்கலாம், கதவெல்லாம் ஆணி அடிக்கலாம். பங்கு போட்டவர்களில் ஒருவர் இறைச்சிக் கடைக்காரர், குடல் அவர் உபயம். ரத்தம் சாக்லேட் சிரப். பிணங்களாக நடந்தவர்களில் பலர் அக்கம்பக்கத்து ஆட்கள்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. டிராகுலா என்றால் கோட்டை வேண்டும், அங்கி வேண்டும். ஜாம்பிக்கு ஓர் ஆளைப் பிடித்து, சட்டையைக் கசக்கி, கண்ணுக்குக் கீழே கரி பூசி, "காலை இழுத்து நட" என்றால் போதும். அவன் யாரோ ஒரு தையல்காரன், யாரோ ஒரு பால்காரன் என்று பார்க்கிறவனுக்கும் தெரிந்துவிடும். தெரிவதுதான் பயமே. அந்தப் படத்தின் தொடக்கத்தில் கல்லறைத் தோட்டத்தில் கூடப்பிறந்தவளைக் கேலி செய்துவிட்டு அங்கேயே சாகிறவன், கடைசியில் பிணக்கூட்டத்தோடு வந்து அவளையே இழுத்துக்கொண்டு போவான். என் கடையில் அந்தப் படத்தைச் சிரித்துக்கொண்டே எடுத்துப் போன பையன்கள் பலரும் திருப்பித் தரும்போது பேசியது அந்த ஒரு காட்சியைப் பற்றித்தான்.

சுடலைமாடன் கொடை பார்த்திருப்பீர்கள். சாமியாடுகிறவர் சாயங்காலம் நம்மோடு உட்கார்ந்து டீ குடித்த ஆள்தான். நடுச்சாமத்தில் பந்தத்தோடு மயானத்துக்கு ஓடும்போது எதிரே நிற்க ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது. அவர் பேர் தெரியும், வீடு தெரியும், நம்மிடம் வாங்கிய கைமாற்றுகூட நினைவிருக்கும். இருந்தாலும் ஒதுங்கித்தான் நிற்போம். பணத்தைக் கொட்டி எடுத்த படங்களில் கம்ப்யூட்டரில் பத்தாயிரம் பிணங்களைச் சுவர் ஏறவிடுகிறார்கள். எறும்புச் சாரை மாதிரி இருக்கிறது. எறும்பைப் பார்த்து எவன் பயப்படுவான்?

அந்தப் படம் ஊர் ஊராகப் பரவியதற்கு ஒரு முட்டாள்தனமும் காரணம். வெளியிட்டவர்கள் கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றினார்கள். பழைய பெயர் அட்டையில் இருந்த காப்புரிமை வரி புது அட்டையில் விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லையென்றால் படம் பொதுச்சொத்து. டிவிக்காரனும் கேசட்காரனும் காசு கொடுக்காமல் போட்டுத் தள்ளினார்கள். எடுத்தவர்களுக்கு வயிற்றெரிச்சல், படத்துக்கோ சாகாவரம். காப்பி கேசட் விற்ற பாவங்களில் இந்த ஒன்றுக்கு மட்டும் நான் பாவசங்கீர்த்தனம் செய்வதாக இல்லை.

ஜாம்பி என்பது நம் ஊர் வேதாளம்தானே?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, குளச்சல்)

இல்லை டீச்சர். வேதாளம் பிணத்துக்குள் புகுந்து முருங்கை மரத்தில் தொங்கும், அது வரைக்கும் சரி. ஆனால் அதற்கு வாய் ஓயாது. கதை சொல்லும், கேள்வி கேட்கும், விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்று மிரட்டும். (இந்தப் பகுதியை எழுதுகிறவன் பிழைப்பும் ஏறக்குறைய அதுதான்.) ஜாம்பிக்கு வாய் தின்பதற்கு மட்டும்.

அதன் பிறந்த ஊர் ஹைட்டி. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கிய தீவு. செத்தால் விட்டது தொல்லை என்று இருந்தவர்களுக்கு, செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்கிவிடுவானோ என்பதுதான் பெரிய பயம். அங்கே ஜாம்பி கடிக்காது. நாமே ஜாம்பி ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். 1932இல் பெலா லுகோசி நடித்த 'ஒயிட் ஜாம்பி'யில் சர்க்கரை ஆலை ஒன்று வரும். செத்தவர்கள் செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒருவன் தவறி இயந்திரத்துக்குள் விழுவான். மற்றவர்கள் நிற்கவே மாட்டார்கள். விடியற்காலம் மூன்று மணிக்குத் திற்பரப்பு பக்கம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் மரத்துக்கு மரம் நடக்கிற ரப்பர் பால்வெட்டுக்காரர்களைத் தூரத்திலிருந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆலைதான் ஞாபகம் வரும்.

கூட்டமாக வருவது, மனிதனைத் தின்பது, மண்டையில் அடித்தால்தான் சாவது எல்லாம் ரொமேரோ கொண்டுவந்தவை. வேடிக்கை என்னவென்றால் அவர் படத்தில் 'ஜாம்பி' என்ற சொல்லே வராது.

எனக்குப் பயம் வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது. என்னிடம் ஏதாவது கோளாறா?
(பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்)

ஒரு கோளாறும் இல்லை. நாலு பேரோடு உட்கார்ந்து சிரியுங்கள். தனியாகச் சிரித்தால்தான் வீட்டில் யோசிப்பார்கள்.

நாங்கள் நான்கு பேர். கையில் 15,000 ரூபாயும் ஒரு நல்ல போனும் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் ஜாம்பி குறும்படம் எடுக்க ஆசை. காயத்துக்கும் ரத்தத்துக்கும் என்ன செய்வது?
(அருமனை)

ஒப்பனைக்காரர்கள் டப்பாவில் காசு கொடுத்து வாங்குகிற சாமான் உங்கள் தோட்டத்துச் சிரட்டையில் வழிகிறது. லிக்விட் லேடெக்ஸ் என்பது ரப்பர் பால்தான், உறையாமலிருக்கக் கொஞ்சம் அமோனியா சேர்த்தது. தோலில் மெல்லிசாக ஒரு பூச்சு, அதன்மேல் கிழித்த டிஷ்யூ பேப்பர், மறுபடி ஒரு பூச்சு. காய்ந்ததும் நடுவில் நகத்தால் கீறி இரண்டு பக்கமும் சுருட்டிவிட்டால், உரிந்த தோல் தோற்றுப்போகும்.

அதற்காகச் சிரட்டையிலிருந்து நேரே எடுத்து அப்பிவிடாதீர்கள். என் அக்கா மகன் அப்பினான். மூன்று வருடம் ஆகிறது. புருவத்தில் வாஸ்லின் தடவ வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் உரித்தபோது பட்டையிலிருந்து ஒட்டுப்பால் வருகிற மாதிரி சர்ரென்று வந்தது, இடது புருவமும் கூடவே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகவேண்டியவன். ஜாம்பி பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவன் நான் என்பதால் அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. தோலுக்கென்று விற்கிற லேடெக்ஸை வாங்குங்கள். அதையும் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். சிலருக்கு ரப்பர் பாலே ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்டவரைக் கேமரா பிடிக்க விடுங்கள்.

ரத்தத்துக்கு வெளிநாட்டில் சோளப் பாகில் சாயம் கலப்பார்கள். என் அக்கா மகன் கூட்டம் கருப்பட்டிப் பாகில் சிவப்புக் கலர் பொடியைக் கலந்தது. நிறம் அருமை, காய்ந்துபோன ரத்தம் அப்படியே இருந்தது. பிணமாகப் படுத்தவனைச் சருகின்மேல் கிடத்தி, "அசையாதே லே" என்று சொல்லிவிட்டு ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் எறும்பு வந்துவிட்டது. முதலில் அவன் கழுத்து ஒரு பக்கமாக வெட்டியது, பிறகு தோள், பிறகு உடம்பு முழுக்க நெளிந்து, அப்படியே எழுந்து கத்திக்கொண்டு கேமராவை நோக்கி ஓடி வந்தான். படம் முழுக்க அதைவிட நல்ல நடிப்பு கிடையாது. எறும்பைப் பற்றி மேலே சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

எலும்பு முறிகிற சத்தத்துக்குப் போனுக்குப் பக்கத்தில் முருங்கைக்காய் ஒடியுங்கள். அவசரமும் வேண்டாம். நியூசிலாந்தின் பீட்டர் ஜாக்சன் 1987இல் வெளியான முதல் படத்தை நாலு வருடம் போல வார இறுதிகளில் எடுத்தார். முகமூடிகளைத் தன் அம்மாவின் அடுப்பில் வைத்துச் சுட்டார். அந்த ஆள்தான் பிற்பாடு ஆஸ்கர் வாங்கினார்.

தமிழில் ஏன் இது எடுபடுவதில்லை?
(வடசேரி)

2016இல் 'மிருதன்' வந்ததே. அதன்பிறகு பெரிய வரிசை கிளம்பவில்லை என்பது உண்மைதான். பிணத்தை எரிக்கிறோம், அதனால் எழுந்துவர உடம்பு இல்லை என்று சிலர் காரணம் சொல்வார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வந்து அதைச் சொல்ல முடியுமா? நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளில், கடற்கரை ஊர்களின் கல்லறைகளில் எத்தனை மெழுகுவர்த்தி எரிகிறது!

எனக்குத் தோன்றும் காரணம் வேறு. நம் பேய்க்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கவேண்டும். கள்ளியங்காட்டு நீலிக்கு ஒரு கதை உண்டு, அதை வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடலாம். வழியில் யட்சி வந்து சுண்ணாம்பு கேட்டால்கூட நாலு வார்த்தை பேசித் தப்பிக்கலாம். ஜாம்பியிடம் என்ன பேசுவது? பிளாஷ்பேக் இல்லாத பேயை நம் ஆட்கள் மதிப்பதில்லை.

ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.
(தோவாளை)

ஜப்பானில் 2017இல் எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்'. செலவு சுமார் 30 லட்சம் யென். வசூல் அதைப்போல ஆயிரம் மடங்கு. முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். நடிப்பு சொதப்பும், கேமரா ஆடும், "இதையா சொன்னான் இந்த ஆள்" என்று என்னைத் திட்டுவீர்கள். எழுந்து போகாதீர்கள். மேற்கொண்டு சொன்னால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

1994இல் உங்கள் கடையில் எடுத்த கேசட் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தது. மேலே 'பிணம்-2' என்று எழுதியிருக்கிறது. திருப்பித் தரலாமா?
(வில்லுக்குறி)

நீங்கள்தானா அது! உள்ளே இந்நேரம் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருக்கும். நம் ஊரில் இரண்டு மழையல்லவா, பரணில் வைத்த கேசட் எதுவும் தப்பியதில்லை. துடைத்துப் பார்க்கிறேன், கொண்டு வாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் வாடகை, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வரும்போது ரீவைண்ட் பண்ணி எடுத்து வரவேண்டும்.