மெல்போர்னில் பார்த்தது தேன்சிட்டா?

வணக்கம் ஐயா,
மெல்போர்னில் மகள் வீட்டுத் தோட்டத்தில் கிரெவில்லியா பூவில் ஒரு பறவை தேன் குடிப்பதைப் பார்த்தேன். தேன்சிட்டு போலவே வளைந்த அலகு, கருந்தலை, சிவந்த கண், வெள்ளைத் தொண்டையில் செம்பழுப்புத் திட்டு. நம்மூர்த் தேன்சிட்டின் வழிவந்ததா? தேன் மட்டும்தான் அதன் உணவா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஈஸ்டர்ன் ஸ்பைன்பில்லுக்குப் பொருந்துகின்றன. அது தேன்சிட்டுக்கு நெருங்கிய உறவில்லை. 180க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட ஹனிஈட்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவுகள் ஆஸ்திரேலியாவில் பூச்சி பிடித்துத் திரியும் ஃபேரிரென் போன்ற குருவிகள். அலகு ஒன்றுபோல் இருந்தாலும் நாக்கு வேறு. தேன்சிட்டின் நாக்கு குழல் போன்றது. ஹனிஈட்டரின் நாக்கு நுனியில் நாலாகப் பிரிந்து, பிரஷ் மாதிரி இழை இழையாக இருக்கும். பூவுக்குள் விட்டு மளமளவென்று நக்கி எடுத்துவிடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பறவைகளின் மூதாதையிடம் இனிப்பை உணரும் மரபணுவே தொலைந்துபோனது. அப்புறம் எப்படித் தேனைத் தேடின? பாடும் பறவைகளின் மூதாதையிடம், புரதச் சுவையை உணரும் ஏற்பி மாறி சர்க்கரையை உணரத் தொடங்கியது என்று 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. பாடும் பறவைகள் தோன்றியதே ஆஸ்திரேலியப் பகுதியில்தான். இந்த மாற்றமும் அவை அங்கிருந்து உலகெங்கும் பரவுவதற்கு முன்பே நடந்தது. ஆக, நம் தேன்சிட்டின் தொல்முன்னோர்தான் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

தேன் மட்டும் போதாது. அதில் புரதம் கிட்டத்தட்ட இல்லை, எனவே பூச்சியும் சிலந்தியும் பிடிக்கும். யூகலிப்டஸ் இலையில் சாறுறிஞ்சும் சிறு பூச்சிகள் தம்மேல் சர்க்கரைக் கூடு கட்டிக்கொள்ளும்; லெர்ப் என்பார்கள். பல ஹனிஈட்டர்கள் அதையும் விரும்பித் தின்னும்.

இத்தனை இனிப்புக்கும் சண்டை உண்டு. நாய்சி மைனர் என்ற ஹனிஈட்டர் கூட்டமாகச் சேர்ந்து மற்ற சிறு பறவைகளைத் துரத்தும். காட்டை வெட்டித் துண்டாக்கிய இடங்களில் அதற்குக் கொண்டாட்டம். ரீஜன்ட் ஹனிஈட்டர் இன்று சில நூறாகக் குறைந்ததற்குக் காடழிப்பு முதல் காரணம். இந்தத் துரத்தலும் சேர்ந்துகொண்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

சரி, உங்கள் மகளுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய பூ பூக்கும் கலப்பினக் கிரெவில்லியாக்களுக்கு மைனர்கள்தான் முதலில் வரும். அடர்ந்த, முள்ளுள்ள உள்ளூர்ப் புதர்களையும் சேர்த்து நடச் சொல்லுங்கள். துரத்தினால் ஸ்பைன்பில் அதற்குள் புகுந்துகொள்ளும்.